வெள்ளைப் பூவும் ஜெர்மன்காரரும்

எனக்குக் கோபம் சட்டென்று வரும், சட்டென்று போய்விடும். ஒரே ஓர் ஆள் மேல் வந்த கோபம் மட்டும் போகவே இல்லை. அந்த ஆளை நான் பார்த்ததுகூடக் கிடையாது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே ஜெர்மனியில் வயசாகிச் செத்துப்போய்விட்டார். தத்துவவாதி. மனிதன் இருப்பது என்றால் என்ன என்று ஒரு பெரிய புத்தகம் எழுதியவர். அவரைத்தான் நான் தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. வகுப்புக்கு நடத்திக்கொண்டிருந்தேன்.

தத்துவ வாத்திச்சி என்றால் ஊரில் யாருக்கும் விளங்காது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "அதப் படிச்சா என்னங் வேலை கெடைக்கும்?" என்று கேட்பார்கள். "என்ன மாதிரி அதையே நடத்தற வேலை கெடைக்கும்" என்பேன். வகுப்பில் இருந்ததும் பெரும்பாலும் வேறு எதிலும் இடம் கிடைக்காத பிள்ளைகள்தான். அவர்களுக்கு ஜெர்மன்காரரை எப்படியாவது புரிய வைத்துவிட வேண்டும் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவேன். நாம் உலகத்தை வெளியே நின்று வேடிக்கை பார்க்கவில்லை, அதற்குள்தான் கிடக்கிறோம் என்பார் அவர். யாரும் நம்மைக் கேட்டுப் பெற்றுப்போடவில்லை. கண்ணை முழிக்கும்போதே ஓர் ஊர், ஒரு வீடு, ஒரு சாதி, ஒரு பேச்சு என்று எதிலோ தூக்கிப் போடப்பட்டிருக்கிறோம். அப்புறம் வாழ்நாள் பூராவும் 'நாலு பேர்' என்ன சொல்வார்களோ அதையே செய்துகொண்டு போகிறோம். 'நாலு பேர்' என்றதும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். அந்த நாலு பேரைத் தெரியாத தமிழன் உண்டா?

சாவைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சாவு கடைசியில் வருகிற ஒரு சம்பவம் இல்லை, பிறந்த அன்றைக்கே நம்மோடு வந்துவிட்டது. ஒருவன் சாவை இன்னொருவன் வாங்கிக்கொள்ள முடியாது. அது அவனவனுடையது. ஆனால் நாலு பேர் அதை அவனிடமிருந்து மறைப்பார்கள். சாகக் கிடக்கிறவனிடம்கூட உனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அவனுக்கு ஆறுதல் என்று பேர், உண்மையில் தங்களுக்குத்தான். தன் சாவை நேருக்கு நேர் பார்க்கிறவன்தான் விடுதலையாக வாழ்வான். இதை நடத்தும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கும். இதே ஆள்தான் தன் நாட்டில் கொலைகாரக் கட்சி பதவிக்கு வந்ததும் ஓடிப்போய் அதில் சேர்ந்தார், சட்டையில் அதன் சின்னத்தைக் குத்திக்கொண்டார், அந்தக் கட்சி லட்சக்கணக்கான பேரைக் கொன்று முடித்த பிறகும் ஒரு மன்னிப்புக் கேட்காமல் வாயை மூடிக்கொண்டே செத்தார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். "அப்பறம் எதுக்கு மேடம் இவரப் படிக்கோணும்?" என்று ஒரு பெண் கேட்டாள். அவர் ஆள் எப்படியோ, சொன்னது சரி என்றேன். அந்தக் காலத்தில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கென்று இருந்தது ஓர் அண்ணன். அப்பா அம்மா போன பிறகு அவரும் நங்கையும்தான் எனக்கு எல்லாம். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்போம். அண்ணன் பெரியநாயக்கன்பாளையத்தில் வீட்டை ஒட்டியே லேத்துப் பட்டறை போட்டு, மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் கடைந்துகொண்டிருந்தார். பிள்ளை குட்டி கிடையாது. நான் கல்யாணம் வேண்டாம் என்று போத்தனூரில் ஒற்றை அறையில் குடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு பஸ் மாறி அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவேன். கோழி அடித்து வைத்திருப்பார்கள்.

அந்த வருஷம் சோறு இறங்கவில்லை என்று அண்ணன் சொல்ல ஆரம்பித்தார். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. வலி முதுகு வரைக்கும் போகிறது என்றார். டவுனில் ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் அண்ணனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பேஷன்ட் வெளிய உக்காரட்டும். கூட வந்தவங்க மட்டும் இருங்க" என்றார். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. அவர் வயிறு, அவர் வலி, அவர் வெளியே உட்கார வேண்டுமாம்! கணையத்தில் கேன்சர், ஈரலுக்கும் போய்விட்டது, ஆபரேஷன் செய்து பிரயோஜனம் இல்லை, சில மாதம்தான் என்றார் டாக்டர். நங்கை சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார், "என்னாங்கறாரு?"

"அல்சராமாங்க. காரம் சாப்புடக்கூடாதாம்" என்றார் நங்கை. கண் கூட இமைக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே கிணற்றடியில் எனக்கும் நங்கைக்கும் சண்டை. அண்ணன் பட்டறையில் இருந்தார், லேத்து ஓடுகிற சத்தத்தில் அவருக்குக் கேட்காது. சொல்லியாக வேண்டும் என்றேன் நான். அவர் சாவு அவருடையது, அதை எடுத்து ஒளித்து வைக்க நமக்கு என்ன அதிகாரம் என்றேன். ஜெர்மன்காரர் பேசியதை எல்லாம் என் பேச்சாகப் பேசினேன்.

"சொல்லிப்போட்டா அந்தப் பயத்துலயே போயிருவாருங் அம்மணி. உங்கண்ணன எனக்குத் தெரியாதா? தேள் கொட்டுனதுக்கே எழவு ஊடாட்டம் கத்துன மனுசன்" என்றார் நங்கை. "நாலு பேரு ஊட்டுல எல்லாம் இப்படித்தான செய்யறாங்க?"

அந்த நாலு பேர் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கத்தினேன். நங்கை அழுதார். கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு வழி சொன்னார். "நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். ஆத்தாகிட்ட பூக் கேப்போம். மறைக்கலாமுங்களா தாயேன்னு கேப்போம். செவப்பு வந்தா நானே என்ற வாயால சொல்லிப்போடறேன்."

பூக் கேட்பது எங்கள் பக்கம் சாதாரணம். பெண் பார்க்க, கிணறு வெட்ட, கோர்ட்டுக்குப் போக, எதற்கும் குலதெய்வத்திடம் பூப் போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளை அரளியையும் செவ்வரளியையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் ஒரே மாதிரி மடித்து, நூல் சுற்றி, சாமி முன்னால் போடுவார்கள். ஒன்றை எடுத்துப் பிரித்தால் பதில். வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம். கேள்வியை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, மனதில் நினைத்தால் போதும். படித்தவள் நான், இதற்கு ஒத்துக்கொண்டேன். டாக்டரும் நங்கையும் எனக்குக் கொடுக்காத வாய்ப்பில் பாதியை அந்த அரளிப்பூவாவது கொடுக்கிறதே என்று நினைத்தேன்.

எங்கள் கோயில் அந்தியூர் தாண்டி, சோளக்காட்டுக்கு நடுவில். வாடகைக் காரில் மூன்று பேரும் போனோம். எதற்குப் போகிறோம் என்று அண்ணனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமே. "ஊட்டு மேல மாடி எடுக்கலாமான்னு கேக்கறதுக்குங்க" என்று நங்கை சொல்லி வைத்திருந்தார். பூசாரி பொட்டலங்களை உருட்டிப் போட்டார். எடுப்பதற்கு வழக்கமாக ஒரு குழந்தையைக் கூப்பிடுவார்கள், அன்றைக்குக் கோயிலில் எங்களைத் தவிர யாரும் இல்லை. "ஊட்டுக்கு மூத்தவரு நீங்கதானுங்க, நீங்களே எடுங்க" என்று அண்ணனைக் கை காட்டினார். நானும் நங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணன் கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றார். மாடிக்கு இவ்வளவு வேண்டுதலா என்று அப்போதே நான் யோசித்திருக்கலாம். குனிந்து ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. திரும்பி வரும்போது கோபியில் காரை நிறுத்தச் சொல்லி எங்களுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். தனக்கும் ஒன்று வாங்கிக் குடித்து, அதைக் காருக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார்.

அடுத்த வாரம் நான் போனபோது வாசலில் ஒரு லோடு செங்கல் இறங்கியிருந்தது. அடக் கடவுளே என்று ஆகிவிட்டது. அண்ணன் கொத்தனாரை நிற்க வைத்து மேலே கையைக் காட்டிக்கொண்டிருந்தார். ஆத்தா சரி என்று சொல்லிவிட்டாளே! நங்கை சமையற்கட்டில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வெள்ளைப் பூ வந்த பிறகு ஒரு காரியத்தைத் தடுக்க எங்கள் ஊரில் யாருக்கும் வாய் கிடையாது.

"உனக்குத்தான் அம்மணி மேல ஒரு ரூம்பு" என்றார் அண்ணன். "போத்தனூர்ல எதுக்குத் தனியாக் கெடக்கற? பொஸ்தகம் வைக்கறதுக்கு செவுத்துலயே அலமாரி வெக்கச் சொல்லியிருக்கறேன்." சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு செங்கல் மேலேயே உட்கார்ந்தார். சுவர் ஏற ஏற அவர் இறங்கிக்கொண்டே வந்தார். கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாகி, சட்டை தோளில் தொங்கியது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம், "அல்சருக்கு மணத்தக்காளி நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு, வெளியே போய் என்னிடம், "எத்தன நாளைக்குங்க?" என்று குசுகுசுத்தார்கள். ஊருக்கே தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது.

என் துறையில் கூட வேலை செய்த ஒரு கத்தோலிக்கரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "எங்கள்ல சாகப்போறவங்களுக்கு ஃபாதர் வந்து எண்ணெய் பூசுவாருங்க மேடம். அவரு உள்ள வர்றப்பவே படுத்திருக்கறவங்களுக்குத் தெரிஞ்சுபோயிரும். எங்கப்பா அன்னிக்கு செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்தவருதான், அப்பறம் எங்க மொகத்தப் பாக்கவே இல்ல" என்றார். எனக்கு அது கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

பூ என்ன சொன்னால் என்ன, ஒரு கட்டத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு மத்தியானம் நங்கை கடைக்குப் போயிருந்தார். கொத்து வேலைக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அண்ணனும் நானும் பாதி எழுந்த சுவரின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். சொல்லிவிட்டேன். "அண்ணா, இது அல்சர் இல்ல. கேன்சர். டாக்டரு கைய விரிச்சுட்டாரு."

அவர் என்னைப் பார்த்தார். அழுவார், கத்துவார், எதற்கும் தயாராக இருந்தேன். அவர் சிரித்தார்.

"எனக்கென்ன சந்தேகமில்லாமயா இருந்துச்சு? வெளிய உக்காருன்னு சொன்னப்பவே பக்குன்னு ஆயிருச்சு. நீங்க அன்னிக்குக் கோயில்ல மாடியக் கேட்டீங்க. நான் எனக்குன்னு தனியா ஒண்ணு கேட்டுப்போட்டேன் அம்மணி. இதுல இருந்து பொழைச்சுக்குவனா தாயேன்னு. வெள்ளை வந்துச்சல்ல?"

"அண்ணா, ஸ்கேன்ல தெளிவா..."

"டாக்டரு ஆயிரஞ் சொல்லுவாரு. ஆத்தா ஒருதடவ சொல்லிப்போட்டா சொன்னதுதான். நீ படிச்சுப் படிச்சுப் பயந்துபோய்க் கெடக்கற கண்ணு" என்று என் தலையைத் தடவிக் கொடுத்தார். கை எலும்பாக இருந்தது.

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, கேட்டவர் நம்பவில்லை. அவரை நம்ப வைக்க வேண்டுமானால், நாங்கள் கேட்டது மாடி இல்லை, உங்களிடம் மறைக்கலாமா என்றுதான் கேட்டோம், அந்த வெள்ளை அதற்கு வந்தது என்று சொல்ல வேண்டும். அவர் சாமியை அவர் கையிலிருந்து பிடுங்க வேண்டும். ஜெர்மன்காரர் சொன்ன மனிதன் தன் சாவுக்கு முன்னால் தனியாக நிற்பான். அவன் முன்னால் ஆத்தா நின்றால் என்ன செய்வது என்று அந்தப் பெரிய புத்தகத்தில் எங்கேயும் இல்லை.

மேலே கான்கிரீட் போட்ட அன்றைக்குத்தான் எல்லாம் உடைந்தது. கலவை மெஷின் சத்தம், தட்டுச் சுமக்கிற பெண்கள், வாசல் பூராவும் சிமெண்ட். நானும் மேலே போய்ப் பார்ப்பேன் என்று அண்ணன் சாரத்தில் காலை வைத்தார். இரண்டு எட்டு ஏறியவர் அப்படியே சரிந்து ஜல்லிக் குவியலில் விழுந்தார். நங்கை ஓடி வந்து தூக்கினார். "உடு புள்ள, ஆத்தாவே சொல்லியிருக்கறா, எனக்கொண்ணும் ஆவாது" என்று அண்ணன் மறுபடியும் சாரத்தைப் பிடித்தார்.

இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்த நங்கை அப்போது அலறினார். "ஆத்தா மாடியச் சொல்லலீங்க! நாங்க மாடியக் கேக்கவே இல்லீங்க! உங்ககிட்ட சொல்லாம மறைச்சுப்போடலாமான்னு கேட்டோமுங்க, அதுக்கு வந்த பூவுங்க அது!"

மெஷினை யாரோ நிறுத்தினார்கள். அண்ணன் ஜல்லி மேலேயே உட்கார்ந்தார். நங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று சொல்ல மாட்டேனா என்று பார்த்திருக்க வேண்டும்.

"அப்ப நான் கேட்டதுக்கு?" என்றார். "எனக்கு ஆத்தா ஒண்ணுமே சொல்லலியா?"

நங்கை அவர் காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் வாசலுக்கு வரவில்லை. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். நங்கை கஞ்சியோடு போய் நின்றால் வாங்கிக் குடிப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார். நங்கை அடுப்படியில் மார்பில் அடித்துக்கொள்வார். "என்ற வாயில புத்து வைக்க! நான் எதுக்குச் சொன்னேன்?" நான் கல்லூரிக்குப் போவேன், கரும்பலகை முன்னால் நிற்பேன். சாவை நேருக்கு நேர் பார்க்கிறவனுக்கு விடுதலை என்று அந்த ஆண்டும் பாடத்தில் இருந்தது. பொய் சொல்லாதே என்று புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டும்போல் இருந்தது. என் அண்ணன் நேருக்கு நேர்தான் பார்த்துக்கொண்டிருந்தார், விடுதலையை ஒன்றும் நான் அங்கே காணவில்லை. அந்த ஜெர்மன்காரர் மட்டும் என் எதிரில் வந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"கோயிலுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வா அம்மணி. எனக்காவ மட்டும் கேளு. பொழைப்பனா மாட்டனா, அது ஒண்ணுதான். நீ மனசுல வேற எதையும் நெனச்சுப்போடாத."

"சரிண்ணா."

"அங்கயே பிரிக்க உட்டுராத. பொட்டலத்த அப்படியே கொண்டா. நாந்தான் பிரிப்பேன்."

கோபி போய், அங்கிருந்து அந்தியூர் பஸ் பிடித்துப் போனேன். பூசாரி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பிரிக்காமல் எடுத்துப்போகிற வழக்கம் இல்லை என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "கொண்டு போங்க அம்மணி" என்றுவிட்டார். நானேதான் ஒன்றை எடுத்தேன். அண்ணன் பிழைப்பாரா என்று மட்டும் நினைத்தேன், வேறு எதையும் நினைக்கவில்லை. சாமி கும்பிடாத நான் அந்தக் கருங்கல்லைப் பார்த்து, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன் என்று வாய்விட்டே சொன்னேன். பஸ்ஸில் வரும்போது பொட்டலத்தை மடியில் வைத்திருந்தேன். இலையை நகத்தால் கீறினால் நிறம் தெரிந்துவிடும். தொடவில்லை. அது என்னுடையது இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நங்கை அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். எங்கே போயிருந்தேன் என்று அவருக்குத் தெரியும். "பிரிக்கலீங்க, அண்ணன்தான் பிரிப்பாராம்" என்றேன். அவர் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

அண்ணனால் நூலை அவிழ்க்க முடியவில்லை. நான் கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பல்லில் கடித்து அறுத்தார். இலையை விரித்தார்.

வெயிலில் வாடிப்போய்க் கிடந்தது. ஆனாலும் சிவப்பு சிவப்புத்தான்.

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சில்லென்று இருந்தது.

"பயமா இருக்குதாண்ணா?"

"இருக்குது" என்றார். "நீங்க அல்லாரும் இருக்கறீங்க. ஆனாலும் யாருமே இல்லாதாட்ட இருக்குது."

ஐயோ, இதைத்தானே அந்த மனுஷன் எழுதி வைத்திருந்தார், இதைத்தானே நான் வருஷா வருஷம் உடம்பு சிலிர்க்க நடத்தினேன்! என் அண்ணன் வாயில் கேட்டபோது எனக்குச் செத்துவிடலாம்போல் இருந்தது.

அண்ணன் பூவை இலையோடு கசக்கித் தலையணைக்கு அடியில் தள்ளினார். மூச்சு வாங்கியது. கதவுப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"உன்ற நங்கைகிட்ட வெள்ளைன்னு சொல்லிப்போடு."

"அண்ணா..."

"சொல்லிப்போடு அம்மணி. அவ தாங்க மாட்டா."

எழுந்து வந்து கதவைத் திறந்தேன். நங்கை கும்பிட்ட கையோடு நின்றுகொண்டிருந்தார். வெள்ளைங்க நங்கை என்றேன். அப்படியே தரையில் விழுந்து அந்தியூர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். நான் ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து, "அதான் ஆத்தா காப்பாத்திப்போட்டாளே, அழுவாத கண்ணு" என்று என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.